ராகியின் முதல் முட்டை

நவம்பர் 3. ஆரம்பம் மாலை 7.05, முடிவு 8.00.

எதை எழுதினாலும் ஆரம்பித்த நேரமும் முடித்த நேரமும் போட வேண்டும். ராணுவக் குதிரைப் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் பழகியது, இனி மாறாது. பண்ணைப் பதிவேட்டில் நடந்ததை எழுதுகிறேன். இந்த நோட்டு என் சொந்தம். இதில் எனக்குத் தோன்றுவதை எழுதுவேன்.

தேன்கனிக்கோட்டைக்கு மேலே இருக்கும் இந்தக் குதிரைப் பண்ணைக்கு நான் மேற்பார்வையாளன். மருந்து அலமாரிச் சாவியும் மருந்துப் பிரிட்ஜ் சாவியும் என் இடுப்பில். இன்று முதலாளி நஞ்சுண்டராஜ் ஐயா ஒரு பெண் டாக்டரை அழைத்து வந்தார். பெயர் பெனடிக்டா. எட்டுப் பெண் குட்டிகளைத் தேர்ந்தெடுத்தார்கள், எல்லாம் இருபது மாத வயசு. இந்தக் குட்டிகளுக்கு முதல் முட்டை எந்த மாதத்தில் முதிர்கிறது என்று வயிற்றை ஸ்கேன் செய்து குறிக்கப்போகிறார்களாம். இயற்கையாக நடப்பதைப் பார்ப்பதுதான் ஆராய்ச்சி. அதனால் ஊசி, மருந்து, ஹார்மோன் எதுவும் கூடாது. "ஒண்ணுக்குக் குடுத்தாலும் எட்டும் வீண் சார்" என்றார் டாக்டரம்மா. ஐயா உடனே என் இடுப்பைப் பார்த்தார். சாவியைத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

இன்னொரு விதி: சாயங்காலம் ஆறரைக்கு லாயத்தில் எல்லா விளக்கும் அணைக்க வேண்டும். அது என் பொறுப்பு. இன்று நானே நடந்துபோய் எட்டு அறையையும் பார்த்து அணைத்தேன்.

நவம்பர் 9. ஆரம்பம் 7.00, முடிவு 8.15.

முதல் ஸ்கேன். தோள் வரை நீளும் பிளாஸ்டிக் கையுறையைப் போட்டுக்கொண்டு டாக்டரம்மா ஸ்கேன் கருவியோடு கையைப் பின்வழியாக உள்ளே விடுகிறார். குட்டி அசையாமல் நிற்க மாதப்பன் அதன் காதருகே ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். மாதப்பன் அஞ்செட்டிக்காரன், இந்த எட்டுக் குட்டிகளுக்கும் சைஸ், அதாவது குதிரை பராமரிப்பவன். என்ன முணுமுணுத்தான் என்று கேட்டேன். "சும்மாதான் சார்" என்றான். சும்மா யாராவது பேசுவார்களா?

பெண் குட்டி பிறக்கும்போதே அதன் எல்லா முட்டைகளும் சினைப்பையில் இருக்கின்றனவாம், ஆயிரக்கணக்கில். எல்லாம் தூங்குகின்றன. பருவம் வரும்போது சில விழிக்கும். ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு நீர்க் கொப்புளம் வளரும். அதில் ஒன்று மட்டும் மற்றவற்றை முந்திக்கொண்டு முப்பத்தைந்து, நாற்பது மில்லிமீட்டர் வந்ததும் உடையும், முதிர்ந்த முட்டை வெளியே வரும். குளிர்காலத்தில் இந்த வயசுக் குட்டிகள் பெரும்பாலும் தூங்கிக்கொண்டேதான் இருக்கும், மாசி பங்குனியில் விழிக்கும் என்றார் டாக்டரம்மா. முட்டை மணல் பருக்கையைவிடச் சிறிதாம். கண்ணுக்குத் தெரியாததை எப்படி எண்ணினார்கள் என்று கேட்டேன். சிரித்தார். பதில் தெரியாதவர்கள்தான் சிரிப்பார்கள்.

எட்டுக்கும் கொப்புளம் பன்னிரண்டு, பதினான்கு மில்லிமீட்டர்தான். எல்லாம் தூக்கம். முதல் அறையில் இருப்பதுக்கு ராகி என்று மாதப்பன் பெயர் வைத்திருக்கிறான். கேழ்வரகு நிறம்.

நவம்பர் 12. ஆரம்பம் 6.45, முடிவு 10.20.

இடம் மாறிவிட்டேன். குவார்ட்டர்ஸில் எழுத முடியவில்லை. பல்பு மங்கல், என் கண்ணும் மங்கல். மனைவி சுலோச்சனா இல்லாத வீட்டில் சுவர்க்கடிகாரம் வேறு மண்டையில் அடிக்கிறது. லாயத்தின் கோடியில் தீவன அறை இருக்கிறது. ஓட்ஸ் மூட்டைகள், ஒரு மேசை, நாற்காலி. ஓசூர் போய் ஒரு பெரிய எல்.இ.டி. பல்பு வாங்கி வந்து மாட்டினேன். பட்டப்பகல்போல எரிகிறது, எறும்பு போவதுகூடத் தெரிகிறது.

இங்கிருந்தால் கண்காணிக்கவும் வசதி. நெஞ்சளவு சுவருக்கு மேலே வெறும் கம்பி வலைதான். அந்தப் பக்கம் ராகியின் அறை. எழுதும்போது வலையில் மூக்கை வைத்துக்கொண்டு பார்க்கிறது. ஒரு துண்டு வெல்லம் கொடுத்தேன். வெல்லம் மருந்தல்ல.

நவம்பர் 20. ஆரம்பம் 6.40, முடிவு 10.30.

மாதப்பன் சாயங்காலம் துணியில் சுற்றி எதையோ கொண்டுவந்து ராகிக்கு ஊட்டினான். என்னைக் கண்டதும் திருட்டு முழி முழித்தான். துணியைப் பிரிக்கச் சொன்னேன். களி உருண்டை.

"எதுக்குடா குதிரைக்குக் களி?"

"கேக்குது சார்."

"கேக்குதா?"

"ஆமா சார். உங்ககிட்ட வெல்லம் கேக்குதில்ல, அது மாதிரி."

வெல்லம் இவனுக்கு எப்படித் தெரியும்? என்னை வேவு பார்க்கிறானா? களிக்குள் என்ன வைத்துப் பிசைந்தாலும் யாருக்குத் தெரியும்?

நவம்பர் 27. ஆரம்பம் 6.40, முடிவு 10.40.

விசேஷம் ஒன்றுமில்லை.

டிசம்பர் 2. ஆரம்பம் 6.35, முடிவு 10.30.

ஸ்கேன். ராகிக்குப் பத்தொன்பது. மற்றவை பழையபடி. டாக்டரம்மா புருவத்தைத் தூக்கினார். நான் மாதப்பனைப் பார்த்தேன். அவன் ராகியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

மருந்து அலமாரியைத் திறந்து எண்ணினேன். எல்லாம் சரி. அப்படியானால் வெளியிலிருந்து வருகிறது.

மகள் ஆற்காட்டிலிருந்து போன் செய்தாள். குழந்தை குப்புற விழுந்துவிட்டானாம். அவளுடைய பிரசவத்துக்குத் துணையாகப் போன சுலோச்சனா மூன்றாம் மாதம் வருவதாகச் சொல்லியிருந்தாள். குப்புற விழுகிற பையனுக்கு எத்தனை மாதம் என்று எனக்குக் கணக்கு தெரியாதா? போகும்போது, "இந்தக் கண்ண வெச்சிக்கிட்டு இனிமே என்னப் பாக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். பால்காரரோடு அவ்வளவு நேரம் என்ன பேச்சு என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். முப்பது வருஷத்தில் ஒரே ஒரு கேள்வி என்று சொல்ல முடியாதுதான்.

டிசம்பர் 11. ஆரம்பம் 6.35, முடிவு 10.45.

குளிர். ராகி வலையருகே நின்றபடியே தூங்குகிறது.

டிசம்பர் 23. ஆரம்பம் 6.40, முடிவு 10.30.

ஸ்கேன். ராகிக்கு இருபத்தேழு. இரண்டாம் அறைக் குட்டிக்கு இருபத்திரண்டு. மூன்றாவதுக்குப் பதினேழு. மீதி ஐந்தும் பதினான்கைத் தாண்டவில்லை.

டாக்டரம்மா எண்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். "வரிசையா எறங்குது பாருங்க சார்" என்றார். எனக்கு இதில் புதிர் ஒன்றும் இல்லை. மாதப்பன் ராகிக்குக் கொடுத்ததில் மிச்சத்தைப் பக்கத்து அறைக்கும், அதன் மிச்சத்தை அதற்கடுத்ததுக்கும் கொடுத்திருக்கிறான். ராகியை யாருக்கோ முன்கூட்டியே விற்கப் பேசியிருக்க வேண்டும். பருவத்துக்கு வந்த குட்டிக்கு மவுசு அதிகம்.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். "தானாவும் சில குட்டி சீக்கிரம் வரும் சார், நம்ம ஊர் குளிர் அப்படியொண்ணும் பெரிய குளிர் இல்ல. அவசரப்படாதீங்க" என்றார். இவர் ஏன் அவனுக்குப் பரிந்து பேசுகிறார்? எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 12. ஆரம்பம் 6.40, முடிவு 10.50.

காலையில் வழக்கம்போல் சுல்தானை வேலியோரம் நடத்திப் போனோம். சுல்தான் கிழட்டு ஆண் குதிரை, அவன் வேலை மோப்பம் பிடிப்பது மட்டும். பருவம் வராத குட்டிகள் அவனைக் கண்டால் காதை மடக்கி உதைக்க வரும். ஏழும் அப்படித்தான் செய்தன. ராகி வாலைத் தூக்கிக்கொண்டு வேலியோரம் சாய்ந்து நின்றது.

மத்தியானம் ஸ்கேன். முப்பத்தெட்டு.

மாதப்பன் கைதட்டினான். பெண் வயசுக்கு வந்த வீட்டு மாமன் மாதிரி முகமெல்லாம் பல். நான் இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்தேன். எட்டும் வீண் என்றால் ஐயா முதலில் கேட்பது என் சாவியைத்தான்.

ஜனவரி 14. ஆரம்பம் 6.40, முடிவு 10.30.

இன்று கொப்புளம் திரையில் இல்லை. உடைந்துவிட்டது. எட்டில் ஒன்றுக்கு, தையும் பிறக்காத குளிரில், முதல் முட்டை வெளியே வந்துவிட்டது. டாக்டரம்மா ராகியின் ரத்தத்தை எடுத்து ஹார்மோன் கலந்திருக்கிறதா என்று பார்க்கப் பெங்களூருக்கு அனுப்பினார். மூன்று வாரமாகுமாம்.

மூன்று வாரம் காத்திருக்க நான் ஒன்றும் டாக்டர் இல்லை.

ஜனவரி 16, மாட்டுப் பொங்கல். ஆரம்பம் 7.00, முடிவு 10.10.

பிடித்துவிட்டேன்.

இங்கே மாட்டுப் பொங்கலன்று குதிரைகளையும் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, செவ்வந்தி மாலை போடுவார்கள். அதற்காக லாயத்தின் பழைய வைக்கோலை எல்லாம் வாரி வெளியே போட்டோம். ராகியின் அறைக்குப் பின்னாலிருக்கும் வைக்கோல் கொட்டகையில் ஒரு ஊசி மூடி கிடந்தது. ஆரஞ்சு நிறம், சின்னது. கண்கொத்திப் பாம்பாகத் தேடினேன். மூலையில் ஒரு மண்பானை, அதில் ஈர மணல், மணலுக்குள் துணியில் சுற்றிய சீசா, நாலு ஊசி.

எல்லோரும் மாலையும் கையுமாக நிற்கும்போதே ஐயாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மாதப்பன் முகம் வெளிறிவிட்டது.

"எனக்கு சக்கர சார். எனக்குத்தான் போட்டுக்கறேன். சூட்டுல கெட்டுப்போகாம இருக்கத்தான் பானைல வெச்சேன்."

"சீசால இன்சுலின்னுதான் இருக்கு" என்றார் டாக்டரம்மா.

"ராணுவத்துல ரம் பாட்டில்ல டீத்தண்ணி ஊத்தி வெச்சவங்கள நான் பாத்திருக்கேன் டாக்டரம்மா" என்றேன். பிறகு மாதப்பனிடம் திரும்பினேன். "வேலைக்குச் சேரும்போது உடம்புல எந்த நோயும் இல்லன்னு எழுதிக் குடுத்தியா இல்லையா?"

"குடுத்தேன் சார். நோய் இருந்தா சேக்க மாட்டாங்கன்னு..."

"அது பொய்யின்னா இது மட்டும் எப்படி நிஜம்?"

நல்ல கேள்வி. ஐயாவே தலையாட்டினார். ரத்தப் பரிசோதனை வரட்டும் என்று டாக்டரம்மா எவ்வளவோ சொன்னார், ஐயா கேட்கவில்லை. பொழுது சாய்வதற்குள் மாதப்பன் பெட்டியோடு இறங்கிப் போனான். போகும்போது ராகியின் கழுத்து மாலையைச் சரிசெய்துவிட்டுப் போனான். அந்த மண்பானையைத் திருப்பிக் கேட்டான். தடயம் என்று நான் கொடுக்கவில்லை.

ஜனவரி 17. ஆரம்பம் 6.40, முடிவு 10.40.

நிம்மதி.

ஜனவரி 25. ஆரம்பம் 6.40, முடிவு 11.00.

புது சைஸ் கையில் ராகி சரியாகத் தின்பதில்லை. வெல்லத்தைக்கூட முகர்ந்துவிட்டு வைத்துவிட்டது.

மண்பானை இன்னும் இந்த மேசைக்கு அடியில்தான் இருக்கிறது. பார்வையில் படாமல் மூட்டைக்குப் பின்னால் தள்ளி வைத்தேன்.

பிப்ரவரி 4. ஆரம்பம் 6.45, முடிவு 10.15.

பெங்களூரிலிருந்து முடிவு வந்தது. ராகியின் ரத்தத்தில் வெளி ஹார்மோன் எதுவும் இல்லை. பின்னால் அனுப்பிய சீசாவில் இருந்ததும் இன்சுலின்தான். டாக்டரம்மா தாளை என்னிடம் நீட்டிவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

பரிசோதனைக்கூடத்தில் சீசாவை மாற்றியிருக்கலாம். மாற்ற யாருக்கு என்ன தேவை என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். பத்தே கால் ஆகிவிட்டது, இன்னும் தோன்றவில்லை.

பிப்ரவரி 5.

டார்ச் வெளிச்சத்தில் குவார்ட்டர்ஸில் எழுதுகிறேன்.

இன்று டாக்டரம்மா லாயத்தின் நடுவில் நின்று எல்லோரையும் விசாரித்தார். தீவனம் மாறியதா, தண்ணீர் மாறியதா, பக்கத்தில் யாராவது ஆண் குதிரையைக் கட்டினார்களா? எல்லாவற்றுக்கும் இல்லை. கடைசியில் கேட்டார்:

"வெளக்கு?"

"ஆறரைக்கு எல்லாம் அணச்சிடுவோம் டாக்டரம்மா. நானே பாக்கறேன். ஒரு நாள் தவறினதில்ல" என்றேன்.

"அதான் எனக்கும் புரியல. இந்த வயசுக் குட்டிக்குக் கண்ணுல விழற வெளிச்சம்தான் சார் காலண்டர். சாயங்காலம் இருட்டினதுக்கப்புறமும் தெனமும் நாலு மணி நேரம் வெளிச்சம் பட்டுக்கிட்டே இருந்தா, ரெண்டு மாசத்துல மூளை வெயில் காலம் வந்துடுச்சுன்னு நெனச்சுக்கும். தூங்கற சினைப்பைய எழுப்பி விட்டுடும். சில பண்ணைல வேணும்னே செய்வாங்க. பெரிய லைட்டுகூட வேண்டாம். அறைல நின்னு பேப்பர் படிக்க முடிஞ்சா போதும்."

புது சைஸ் வாய் திறந்தான். நான் அவனைப் பார்த்தேன். மூடிக்கொண்டான்.

தீவன அறை லாயத்தில் சேர்த்தியில்லை. விதி லாயத்துக்குத்தான். அப்படித்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

பிப்ரவரி 7.

நேற்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு தீவன அறை விளக்கைப் போட்டுவிட்டு, தினத்தாளை எடுத்துக்கொண்டு ராகியின் அறைக்குள் போய் நின்றேன். தலைப்புச் செய்தி படிக்க முடிந்தது. பொடி எழுத்து விளம்பரமும் படிக்க முடிந்தது, கண்ணாடி இல்லாமலே. இரண்டாம் அறையில் தலைப்பு மட்டும். மூன்றாவதில் தாள் வெள்ளையாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

இருபத்தேழு, இருபத்திரண்டு, பதினேழு.

விளக்கை அணைத்தேன். ராகி இருட்டில் வலையருகே வந்து நின்று எனக்காகக் காத்திருந்தது.

பிப்ரவரி 8.

சொல்லாவிட்டால் என்ன ஆகும்? காரணம் தெரியவில்லை என்று எழுதிவிட்டு டாக்டரம்மா எட்டுக் குட்டிகளையும் விலக்கிவிடுவார். மாதப்பன் வேறு பண்ணையில் சேர்வான். ஊசியோடு பிடிபட்டவனை எந்தப் பண்ணை சேர்க்கும் என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். இதுவும் நல்ல கேள்விதான். பதில் எனக்குத் தெரியும்.

சொன்னால், விளக்கை மட்டும் சொன்னால் போதாது. எந்தெந்த நாள், எத்தனை மணி நேரம் என்று கேட்பார். அது ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது. இந்த நோட்டில். ஆரம்பம், முடிவு. என் கையெழுத்தில் என்மேல் நானே எழுதிய குற்றப்பத்திரிகை.

அதைக் கிழித்துக் கொடுக்கலாமா என்று பார்த்தேன். நேரம் மேலே இருக்கிறது, மாதப்பனைத் திருடன் என்றது கீழே இருக்கிறது. ஒன்றில்லாமல் இன்னொன்றைக் கொடுக்க முடியாது. டாக்டரம்மாவைப் பற்றி எழுதியதும் இருக்கிறது. சுலோச்சனாவைப் பற்றியும்.

கண்காணிக்கத்தான் அங்கே உட்கார்ந்தேன் என்று எழுதியிருக்கிறேன். "விசேஷம் ஒன்றுமில்லை" என்று எழுத நாலு மணி நேரம் எதற்கு? படிக்கிற யாருக்கும் தெரிந்துவிடும். எனக்குப் போக வேறு இடம் இல்லை. அந்தக் குட்டி ஒன்றுதான் என் முகத்தைப் பார்க்க தினமும் வந்து நின்றது.

பிப்ரவரி 9. ஆரம்பம் காலை 7.10.

வெயிலில், வேலிக்கல்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். இதை எழுதி முடித்ததும் நோட்டை டாக்டரம்மாவிடம் கொடுப்பேன். பிறகு ஐயாவிடம். முழுசாகப் படிக்கச் சொல்வேன். தவறு என்னுடையது. மாதப்பன் ஒரு தவறும் செய்யவில்லை. பசிக்கும் பயத்துக்கும் சொன்ன ஒரு பொய்யைத் தவிர அவனிடம் வேறு குற்றமில்லை.

முடிவு 7.25.

பிப்ரவரி 18. ஆரம்பம் காலை 7.30.

நோட்டு நேற்றுதான் திரும்பி வந்தது. டாக்டரம்மா நேரங்களை மட்டும் சிவப்பு மையில் கோடிட்டிருக்கிறார். வெளிச்சம் பட்ட முதல் மூன்று குட்டிகளைத் தனியாக வைத்துவிட்டு மற்ற ஐந்தோடு ஆராய்ச்சி தொடரும். தன்னைப் பற்றி நான் எழுதிய இடத்தில், ஓரத்தில், "பதில் தெரிந்தவர்களும் சிரிப்பார்கள்" என்று எழுதியிருக்கிறார்.

ஐயா என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். "அஞ்செட்டிக்கு நீங்களே போய்க் கூட்டிக்கிட்டு வாங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போனேன். மண்பானையை மடியில் வைத்துக்கொண்டு போனேன். மாதப்பன் அவரைக்காய் பறித்துக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. நடந்ததை எல்லாம் சொன்னேன். கடைசி வரை கேட்டான்.

"என் பொண்டாட்டி கேட்டா சார், திருடினியான்னு. நீங்க கேட்டதுகூடப் பெரிசில்ல. அவ கேட்டா" என்றான்.

நான் தலைகுனிந்து நின்றேன். பானையை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். ராகி தின்கிறதா என்று உள்ளேயிருந்து கேட்டான். இல்லை என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான்.

இனி பானை வேண்டாம் என்று ஐயா சொல்லிவிட்டார். மாதப்பனின் இன்சுலின் என் பிரிட்ஜில். இன்று காலை ஆறே முக்காலுக்கு வந்து நின்றான். பூட்டைத் திறந்து சீசாவை எடுத்துக் கொடுத்தேன். பதிவேட்டில் எழுதினேன்: இன்சுலின், ஒன்று. பெற்றவர் மாதப்பன். கொடுத்தவர் தணிகாசலம்.

அவன் சீசாவை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தான். பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தான். மூடியைத் திருப்பித் திருப்பி, யாராவது தொட்டிருக்கிறார்களா என்று பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான்.

பார்க்கட்டும். தினமும் பார்க்கட்டும். அவன் பார்த்து முடிக்கும்வரை நான் பூட்டைப் போடாமல் நின்றேன்.

முடிவு 7.55.